விரல் நீட்ட ஆள் தேவை

லார் டோரன் அயர்லாந்தில் எங்கள் ஊர் பாலிநாராவில் ரோடு வேலை பார்த்தவன். ஆற்றுப் பாலத்திலிருந்து மலைக் கணவாய் வரை நாலு மைல் சாலை அவன் பொறுப்பு. காலையில் சைக்கிளில் மண்வெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புவான். பள்ளத்தை அடைப்பான், வாய்க்காலைத் தூர் வாருவான், ஓரத்துப் புல்லைச் செதுக்குவான். முப்பது வருஷத்தில் அந்தச் சாலையில் கால் இடறும்படி ஒரு குழியை நான் பார்த்ததில்லை. குடித்துவிட்டு விழுந்தவன் இல்லை, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குத் தவறியவன் இல்லை, யாரோடும் வாய்ச்சண்டை போட்டவன் இல்லை. இத்தனை இருந்தும் அவன் என் கடைக்குள் காலை வைத்தால் போதும், உள்ளே நடக்கிற பேச்சு அப்படியே நின்றுவிடும்.

என் கடை முன்பக்கம் மளிகை, பின்பக்கம் மதுக்கூடம். லார் வந்தால் ஒரு கிளாஸ் கறுப்பு பியர் வாங்கி ஜன்னலோரமாக நின்று குடிப்பான். அவன் நிற்கிற வரைக்கும் நாங்கள் மழையைப் பற்றிப் பேசுவோம். வெயில் காய்கிற நாளிலும் மழையைப் பற்றித்தான். அவன் கிளாஸை வைத்துவிட்டுப் போனதும், யார் திருட்டுச் சாராயம் காய்ச்சுகிறான், எவன் பக்கத்துப் பண்ணை எல்லைக்கல்லை நகர்த்தினான் என்கிற நிஜமான பேச்சு மறுபடி தொடங்கும்.

நூற்று முப்பது வருஷத்துக்கு முன்னால் நெட் கவனா என்று ஒருவன் எங்கள் கணவாயில் ஜமீன்தார்களின் குதிரை வண்டிகளை மறித்துக் கொள்ளையடித்தான். சிவப்புக் கோட்டு ஆங்கிலேயப் பட்டாளம் அவனைப் பிடித்துத் தூக்கில் போட்டது. அவன் ஒளிந்திருந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தவன் லாரின் கொள்ளுத்தாத்தா தேடி டோரன் என்பது ஊர்ப் பேச்சு. எங்கள் ஊரில் கொலைகாரனுக்குக்கூட என்றைக்காவது மன்னிப்பு கிடைக்கும். காட்டிக்கொடுத்தவனுக்குக் கிடையாது, அவன் பேரனுக்கும் கிடையாது, அந்தப் பேரன் பெற்ற பிள்ளைக்கும் கிடையாது. ஆனால் அதை யாரும் டோரன்கள் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. நாங்கள் மரியாதை தெரிந்தவர்களாம்.

லாரின் மனைவி டெல்யா மேற்கே இருந்து வந்தவள், எங்கள் ஊர்க் கதை தெரியாதவள். ஊர்ப் பேச்சு அவள் காதில் விழுந்தபோது கையில் பிள்ளை இருந்தது. அவள் காசநோயில் சீக்கிரம் போய்விட்டாள். அந்த ஒரே பிள்ளைதான் ஈமன். என் மகள் ரோஷீனுக்கும் அவனுக்கும் பழக்கம் என்பது எனக்கு ஒரு வருஷமாகத் தெரியும். அவன் கொல்லைப்பக்க வாசல் வழியாக வருவான், நான் இருமுவேன், போய்விடுவான். டோரன் ரத்தம் என் வீட்டுக்குள் வரக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். என்ன காரணம் என்று யாராவது கேட்டிருந்தால் நெட் கவனா பெயரைச் சொல்லியிருப்பேன். நான் கவனா பரம்பரைகூட இல்லை, என் பெயர் மாட்டி கின்செலா.

ஐம்பத்து நாலாம் வருஷம் கோடையில் அமெரிக்காவிலிருந்து சினிமாக்காரர்கள் வந்து இறங்கினார்கள். அயர்லாந்தின் வழிப்பறிக்காரர்களைப் பற்றி கலரில் ஒரு பெரிய படம். எங்கள் கணவாய் அவர்களுக்குப் பிடித்துவிட்டது. லார் பாடுபட்டுத் தார் போட்ட சாலைமேல் லாரி லாரியாகச் செம்மண்ணைக் கொட்டி, அதைப் பழங்காலத்து வண்டிப்பாதையாக்கினார்கள். "முப்பது வருஷமா நான் மேலே கொண்டு வந்ததை மூணே நாள்ல கீழே இறக்கிட்டாங்க" என்று லார் சொன்னான். அதற்கும் நாங்கள் மழையைப் பற்றித்தான் பதில் சொன்னோம்.

என் வீட்டு மாடி அறைகள் அத்தனையும் சினிமாக்காரர்கள்தான். மதுக்கூடத்தில் நிற்க இடமில்லை. ஊரில் ஆணும் பெண்ணும் படத்தில் கூட்டத்துக்கு நின்றார்கள். வயலில் வைக்கோல் காய்ந்து கிடந்தது, அதைத் திருப்பிப் போட ஆளில்லை.

ஐந்தாவது வாரம் ஒரு சிக்கல். காட்டிக்கொடுப்பவனாக நடிக்க டப்ளினிலிருந்து வந்தவன் குதிரையிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டான். வேடத்துக்கு ஒரு வார்த்தை வசனம்கூட இல்லை. சந்தைக் கூட்டத்தில் நடந்து வந்து, ஒளிந்து நிற்கிற கதாநாயகனை நோக்கி விரலை நீட்ட வேண்டும், அவ்வளவுதான். டைரக்டர் எங்களை எல்லாம் சந்தைத் திடலில் வரிசையாக நிற்கவைத்தார். நீளமான, பொறுமைசாலியான மனிதர். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து லார் முன்னால் நின்றார்.

"இவர்தான். இந்த முகம்தான் வேணும்."

வரிசையில் யார் பக்கமும் யாரும் திரும்பவில்லை. லாரின் காது மட்டும் சிவந்ததை நான் பார்த்தேன்.

"வேண்டாங்க. என்னால முடியாது" என்றான் லார்.

"வசனம் கிடையாதே. கையைத் தூக்கினா போதும்."

"வேற யாரையாவது பாருங்க."

டைரக்டர் அடுத்தவனைக் கேட்டார். அவன் மாட்டேன் என்றான். அதற்கடுத்தவனும் மாட்டேன் என்றான். என்னையும் கேட்டார், மூட்டுவலி என்றேன். விரல் நீட்ட மூட்டு எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. "உங்க ஆளைப் பிடிச்ச சிவப்புக் கோட்டைப் போட்டுக்க பதினாலு பேர் போட்டி போட்டீங்க. தூக்குப் போடறவன் வேஷத்துக்கு ரெண்டு பேர் அடிச்சுக்கிட்டீங்க. இதுக்கு ஒருத்தன்கூட இல்லையா?" என்று சலித்துக்கொண்டார். பிறகு, செவ்வாய்க்கிழமைக்குள் ஆள் கிடைக்காவிட்டால் மீதி இரண்டு வார வேலையை வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிடப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். மிரட்டுகிற ஆள் இல்லை அவர், சொன்னால் செய்துவிடுவார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் ஆண்கள் கோயில் மதிலோரம் கூடினோம். யார் அதை முதலில் சொன்னது என்று இன்றைக்குக் கேட்டால் எல்லோரும் அடுத்தவனைக் கைகாட்டுவார்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். சொன்னது நான்தான். "லாருக்கு என்ன போச்சு? அவங்களுக்கு அது புதுசா?" என்றேன். சிரித்தார்கள். சொன்னவனே போய்க் கேட்டுவிட்டு வரட்டும் என்று என்னையே அனுப்பினார்கள்.

லார் வீட்டுக்கு வெளியே ஒரு வாளி தண்ணீரில் உருளைக்கிழங்கு கழுவிக்கொண்டிருந்தான்.

"லார், உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்றேன்.

"உன் வாயிலேர்ந்து எனக்கு ஒரு விஷயம் வர்றது இதுதான் முதல் தடவை, மாட்டி. உக்காரு."

உட்காராமலே சொன்னேன். ஊருக்காக, ரெண்டு நிமிஷ வேலை, சும்மா வேஷம்தானே என்றெல்லாம் இழுத்தேன். அவன் கிழங்கைக் கழுவுவதை நிறுத்தவில்லை.

"உன் கையிலயும் விரல் இருக்கே. நீ பண்ணு."

"எனக்கு ஊர்ல ஒரு பேரு இருக்குய்யா."

"எனக்கு?"

நான் வாளியைப் பார்த்தேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"தேடி டோரன் என்ன செஞ்சான், மாட்டி?"

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"எனக்குத் தெரியாது. எங்கப்பாவுக்கும் தெரியாம செத்தார். எங்ககிட்ட ஒருத்தரும் சொன்னதில்லையே. நீ சொல்லு."

சொல்ல ஆரம்பித்தேன். தேடி பாலத்தடியில் பட்டாளத்தைச் சந்தித்தான் என்றேன். ஆனால் என் அப்பா சொன்ன கதையில் அது பாதிரியார் வீட்டுத் தோட்டம். பணம் வாங்கினான் என்றேன். அப்படியானால் அந்தப் பணம் எங்கே போயிற்று, டோரன்களுக்கு இந்தக் கல்லுமேட்டைத் தவிர என்ன இருக்கிறது என்று எனக்கே தோன்றியது. ஒரு நிமிஷத்தில் என் கதை என் வாயிலேயே சிக்கிக்கொண்டது. லார் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். வெற்றி பெற்ற முகமெல்லாம் இல்லை, களைத்துப் போயிருந்தான்.

"நான் பண்றேன். ஆனா ஒண்ணு. ஈமன் இனிமே உன் வீட்டு முன்வாசல் வழியா வரணும். ஊர் பாக்க வரணும். அடுத்த ஞாயித்துக்கிழமை உன் மேஜையில உக்காந்து சாப்பிடணும். அதுக்கடுத்த வாரம் கோயில்ல ரோஷீனுக்கும் அவனுக்கும் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கச் சொல்லணும். அவன் இங்கேயே இருக்கணும், மாட்டி. இல்லேன்னா இங்கிலாந்துக்குப் போயிடுவான். எனக்கு இருக்கறது அவன் ஒருத்தன்."

எங்கள் சந்தையில் மாடு பேரம் முடிந்தால் இரண்டு பேரும் உள்ளங்கையில் துப்பிக்கொண்டு கையோடு கை அடிப்போம். அதற்குமேல் சாட்சி தேவையில்லை, அதை மீறியவனோடு யாரும் பேரம் பேச மாட்டார்கள். நான் உள்ளங்கையில் துப்பினேன். லாரும் துப்பினான். அடித்தோம். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் நான் ஏமாற்றவில்லை. அன்று மாலையே ரோஷீனிடம் சொன்னேன். அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் அப்படிச் செய்து பல வருஷம் ஆகியிருந்தது.

செவ்வாய்க்கிழமை சந்தைத் திடலில் ஊரே நின்றது. ரோஷீன் கடையைப் பார்த்துக்கொள்ள இருந்துவிட்டாள். ஈமன் சிவப்புக் கோட்டோடு பட்டாளத்தில் நின்றான். நான் வைக்கோல் விற்கிற விவசாயியாக முன்வரிசையில். கதாநாயகன் வைக்கோல் வண்டிக்குப் பக்கத்தில் கிழிந்த சட்டையோடு நின்று எதையோ மென்றுகொண்டிருந்தான். அவன் தினமும் என் மாடியிலிருந்து இறங்கி வந்து முட்டையும் பன்றி இறைச்சியும் தின்றுவிட்டுப் போகிற பையன்.

லாரை அழைத்து வந்தார்கள். பழுப்புக் கோட்டும் நசுங்கின தொப்பியும் மாட்டியிருந்தார்கள். அவன் நடந்து வரும்போது கூட்டம் அவனை விட்டு விலக வேண்டும், யாரும் வாயைத் திறக்கக்கூடாது என்று டைரக்டர் சொல்லியிருந்தார்.

முதல் தடவை நாங்கள் யாருமே விலகவில்லை. வெட்கம் எங்கள் காலைப் பிடித்துக்கொண்டது. டைரக்டர் கத்தினார், "என்ன மரமா நிக்கறீங்க? இவனைக் கண்டா உங்களுக்கு ஆகாதுன்னு காட்டுங்க." பின்னால் யாரோ, "அதுக்கு எங்களுக்கு ஒத்திகை வேண்டாம்" என்று முணுமுணுத்தான். சில பேர் சிரித்தார்கள். லார் கேட்டிருப்பான். சிவப்புக் கோட்டுக்குள் நின்ற ஈமன் நிச்சயம் கேட்டான்.

இரண்டாவது தடவை நன்றாகவே விலகினோம். லார் நடுவில் தனியாக வந்து நின்றான். அவன் கை எழவில்லை.  திடலில் குதிரை ஒன்று காலை மாற்றி வைக்கிற சத்தம் கேட்டது. கட் என்றார்கள்.

"இன்னொரு தடவை. இதுதான் கடைசி, வெளிச்சம் போகுது" என்றார் டைரக்டர்.

மூன்றாவது தடவை அவன் எங்களைப் பார்க்கவில்லை. நேரே வந்தான், நின்றான். ஈமன் நிற்கிற பக்கம் ஒரு தரம் பார்த்தான். பிறகு கையைத் தூக்கி விரலை நீட்டினான். உடனே பட்டாளம் பாய்ந்தது. துப்பாக்கிக் கட்டையால் கதாநாயகன் முதுகில் அடித்தார்கள். ரப்பர் கட்டை. நானே காலையில் அதைக் கையில் எடுத்துப் பார்த்திருந்தேன். பையன் முழங்காலில் விழுந்தான், வாயோரம் சிவப்புச் சாயம் வழிந்தது. அந்தச் சாயத்தைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ அறுந்தது. அவன் எனக்கு முட்டை தின்கிற பையனாகத் தெரியவில்லை. நான் பார்த்தே இராத நெட் கவனாவாகத் தெரிந்தான்.

"டோரன் நாயே, காட்டிக்கொடுத்த வம்சம்டா உன்னுது" என்று தொண்டை கிழியக் கத்தினேன். முன்னால் பாய்ந்து லார் முகத்தைப் பார்த்துத் துப்பினேன். எனக்குப் பின்னால் திடல் முழுக்க அதே பெயரைச் சொல்லிக் கத்தியது. டோரன், டோரன், டோரன். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

கட் என்றதும் டைரக்டர் ஓடி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இந்த ஊர்ல நடிகன்னா நீங்க ஒருத்தர்தான்" என்றார். நான் நடிக்கவில்லை. எனக்கு அது தெரியும். லாருக்கும் தெரியும். அவன் தொப்பியைக் கழற்றி உடைகளைப் பார்த்துக்கொள்கிற பெண்ணிடம் கொடுத்தான், சட்டைக்கையால் கன்னத்தைத் துடைத்தான், என்னிடம் வந்தான்.

"உன் முன்வாசலை நீயே வெச்சுக்க, மாட்டி."

அந்த ஞாயிற்றுக்கிழமை மேஜையில் மூன்றாவது தட்டு வைக்கவில்லை. ஈமன் வியாழக்கிழமையே டன்லேரித் துறைமுகத்தில் கப்பல் ஏறிவிட்டான், பிறகு பர்மிங்காமில் ஒரு பஸ் கம்பெனியில் சேர்ந்தான். போகிறபோது நடந்ததைச் சொல்லி ரோஷீனையும் கூப்பிட்டிருக்கிறான். அவள் போகவில்லை, ஏனென்றால் நான் அவளிடம், "அது நடிப்பும்மா. டைரக்டரே மெச்சினார், கேட்டுப் பாரு. பையன் ரோஷக்காரன், தப்பாப் புரிஞ்சுக்கிட்டான். திரும்பி வரச் சொல்லு, கொடுத்த வாக்கு அப்படியே இருக்கு" என்று சொன்னேன். அவள் நம்பினாள். வாராவாரம் அவனுக்கு எழுதினாள், எங்கப்பா நடித்தார், வந்துவிடு என்று. வரமாட்டேன் என்று அவன் எழுதினான். ஊரில் கேட்டாள். கத்தினவர்களில் எவன் உண்மையைச் சொல்வான்? எல்லோரும் நடிப்புத்தான் என்றார்கள். கடைசியில் லாரிடமே போய்க் கேட்டிருக்கிறாள். "ஒரே சத்தமா இருந்ததும்மா, எனக்கு ஒண்ணும் சரியா கேக்கலை" என்று சொல்லிவிட்டானாம். அதை அவள் என்னிடம் வந்து சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கங்கெட்ட நிம்மதி.

லார் மறுபடி தன் சாலையிலிருந்து செம்மண்ணைச் சுரண்டினான். அதற்கு அவனுக்குக் குளிர்காலம் முழுக்க ஆயிற்று. என் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டான். இப்போது உள்ளே எங்கள் பேச்சை நிறுத்த ஆளில்லை, ஆனாலும் முன்போல் பேச்சு வரவில்லை.

அடுத்த வருஷம் படம் பக்கத்து டவுன் தியேட்டருக்கு வந்தது. ஞாயிறு பகல் காட்சிக்கு ஊரே போயிற்று. ரோஷீன் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். லார் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றான். திரையில் எங்கள் கணவாய் வந்தபோது கைதட்டினோம். அவரவர் மாடு வந்தபோதும் கைதட்டினோம். பிறகு சந்தைத் திடல் வந்தது.

லாரின் முகம் அந்தப் படத்தில் இல்லவே இல்லை. கேமராவை அவன் முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். அவன் தோளும் நீட்டின விரலும் மட்டும் ஓரத்தில் தெரிந்தன. மீதித் திரை முழுக்க நாங்கள். வாத்தியச் சத்தத்தில் எங்கள் குரல் அமுங்கிவிட்டது, வாய்கள் மட்டும் அசைந்தன. நடுவில் என் முகம், ஒரு வீட்டளவு பெரிதாக, கழுத்து நரம்பு புடைக்க. நான் துப்பினேன். தியேட்டரில் ஒருவரும் கைதட்டவில்லை. இந்த முகங்களுக்கு எதிரில்தான் அவன் ஆயுசு முழுக்க ஜன்னலோரம் நின்று பியர் குடித்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது, எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

ரோஷீன் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்.

"இது நடிப்பு இல்லப்பா. இந்த முகத்தை நான் வீட்டுல பாத்திருக்கேன். ஈமன் கொல்லைப்பக்கம் வரும்போதெல்லாம் உங்களுக்கு இந்த முகம்தான்."

வியாழக்கிழமை அவள் கிளம்பினாள். நான் தடுக்கவில்லை, தடுக்க எனக்கு வாய் எங்கே இருந்தது? பெட்டியை பஸ் நிற்கிற பாலத்துக்குக் கொண்டுபோனது லார், தன் தள்ளுவண்டியில். நான் பின்னாலேயே போனேன். அவள் என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள், அது கடமைக்கு. லாரைக் கட்டிக்கொண்டாள். பஸ் வளைவில் திரும்பும் வரை நாங்கள் இரண்டு பேரும் நின்றோம்.

எனக்குப் பொறுக்கவில்லை. "உன்கிட்ட அவ வந்து கேட்டாளே. நடந்ததைச் சொல்லியிருந்தா போன வருஷமே உன் பையன்கிட்ட போய்ச் சேர்ந்திருப்பா. ஒரு வருஷமா ரெண்டு பேரும் பட்ட பாடு. ஏன் சொல்லலை, லார்?"

அவன் தள்ளுவண்டியைத் திருப்பி நிறுத்தினான். கோபம் இல்லாமல் என்னைப் பார்த்தான்.

"உன் பொண்ணுகிட்ட உன்னை நான் காட்டிக்கொடுக்கணுமா, மாட்டி?"

சொல்லிவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு தன் சாலையில் நடந்து போனான்.